வலைத்தளம் முடங்கினால் வழு எங்கே? – செருகுநிரல்களும் வலைச் சேவையக அமைவு வழுக்களும்



க.பொ.த. (சாதாரண தர) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திலே இணையம், வலைத்தள விருத்தி ஆகியவற்றைக் கற்கிறீர்கள். வலைத்தளம் ஒன்றை எவ்வாறு ஆக்குவது என்பதைப் பாடநூல் கூறுகின்றது. ஆக்கிய வலைத்தளம் ஒருநாட் காலையில் திடீரென முடங்கிவிட்டால் வழு எங்கே உள்ளது என்பதை எவ்வாறு கண்டறிவது? இக்கட்டுரை அதனை விளக்குகின்றது.

தீவகத்தில் வாழ்வோருக்கு இது சிறிய விடயமன்று. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் வர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்தில் செல்ல வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதியொன்றை அறிவதற்காக மட்டும் ஒருவர் இவ்வாறு வந்து திரும்பினால், அவருக்கு ஒரு நாள் வேலை இல்லாமற் போகும். அதே திகதி பாடசாலையின் வலைத்தளத்தில் இருந்தால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆகவே வலைத்தளம் முடங்கும்போது ஏற்படும் இழப்பு, கரையிலுள்ளவரை விடத் தீவிலுள்ளவருக்கு அதிகம். மேலும் வலைத்தளத்தைத் திருத்தக்கூடியவர் பெரும்பாலும் தீவில் இருப்பதில்லை. தொலைபேசியில் கேட்டுத்தான் உதவுவார். நீங்கள் அவருக்கு எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வலைத்தளம் ஒரு மணித்தியாலத்தில் மீளுமா, ஒரு வாரத்தில் மீளுமா என்பது அமையும்.

1. ஒரு வலைப்பக்கம் வந்து சேரும் வழி

வழுவைத் தேடுவதற்கு முன்னர் பக்கம் வரும் வழியை அறிந்திருத்தல் வேண்டும். நீங்கள் மேலோடியில் ஒரு முகவரியைத் தட்டச்சு செய்தவுடன் பின்வருவன ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன.

(அ) ஆள்களப் பெயர், ஐ.பி. முகவரியாக மாற்றப்படும்.
(ஆ) மேலோடி அந்த முகவரியிலுள்ள வலைச் சேவையகத்துக்கு வேண்டுகோள் அனுப்பும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகியன பரவலாகப் பயன்படும் வலைச் சேவையக மென்பொருள்கள்.
(இ) சேவையகம் தனது அமைவுக் கோப்புகளை வாசித்து, இவ்வேண்டுகோளுக்கு எவ்வாறு பதிலளிப்பது எனத் தீர்மானிக்கும்.
(ஈ) படம் போன்ற சாதாரண கோப்பாயின் அதனை அப்படியே அனுப்பும். இயக்குநிலைப் பக்கமாயின் பி.எச்.பி. போன்ற மொழியில் எழுதிய செய்நிரலை இயக்கும்.
(உ) அச்செய்நிரல் தரவுத்தளத்திலிருந்து தகவலைப் பெற்றுப் பக்கத்தை ஆக்கும்.
(ஊ) ஆக்கிய பக்கமும் ஒரு நிலைக் குறியீடும் மேலோடிக்குத் திரும்பும்.

இப்படிகளில் ஒன்றில் தடை ஏற்பட்டால் அதற்குப் பின்னுள்ள படிகள் நடைபெறமாட்டா. இந்த ஒழுங்கை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் கூறப்படும் பரிசோதனைகள் யாவும் இதன்மீதே தங்கியுள்ளன.

2. செருகுநிரல் என்றால் என்ன?

இன்று பெரும்பாலான பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் தமது வலைத்தளத்தை முழுவதுமாகத் தாமே எழுதுவதில்லை. உள்ளடக்க முகாமைத்துவ முறைமை ஒன்றைப் பயன்படுத்துகின்றன. 2003 ஆம் ஆண்டு மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் இவற்றுள் மிகப் பரவலானது. ஜூம்லா, ட்ரூப்பல் என்பன வேறு உதாரணங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வாசிக்கத் தரும், 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகின்றது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில்தான் இயங்குகின்றது.

முறைமையின் மூல நிரலை மாற்றாமல் புதியதொரு வசதியைச் சேர்ப்பதற்காக இணைக்கப்படும் சிறு மென்பொருள் செருகுநிரல் எனப்படும். வழக்கில் இதனைப் பிளகின் என்பர். மீடியாவிக்கியில் இது நீட்சி எனப்படும். வேர்ட்பிரஸில் 2004 இல் வெளியான 1.2 ஆம் பதிப்பிலிருந்து செருகுநிரல் வசதி உண்டு. படத்தொகுப்பு, தொடர்புப் படிவம், பாதுகாப்பு, பதுக்கு என்பன செருகுநிரல்கள் வழங்கும் வசதிகளிற் சில. பதுக்குச் செருகுநிரல், ஒருமுறை ஆக்கிய பக்கத்தைச் சேமித்துவைத்து அடுத்தவருக்கு விரைவாக வழங்கும்.

செருகுநிரலை எழுதியவர் ஒருவர். சேவையகத்தை நடத்துபவர் இன்னொருவர். செருகுநிரல் எதிர்பார்க்கும் வசதி அந்தச் சேவையகத்தில் இல்லாதபோது வழு பிறக்கின்றது.

3. செருகுநிரல் எழுதிவைக்கும் இடங்கள்

செருகுநிரல் தனது கோப்புறைக்குள் மட்டும் இருக்கும் எனப் பலர் கருதுவர். பாதுகாப்பு, பதுக்கு ஆகியவற்றுக்கான செருகுநிரல்கள் அதற்கு வெளியேயும் எழுதும். முக்கியமான இடங்கள் மூன்று.

(அ) ‘.எச்ரிஅக்செஸ்’ என்னும் கோப்பு: அப்பாச்சிச் சேவையகம் ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் வாசிக்கும் அமைவுக் கோப்பு இது. முகவரிகளை மாற்றியமைத்தல், சிலருக்கு அனுமதி மறுத்தல் போன்ற விதிகள் இதில் இருக்கும். ஒரேயொரு வரியில் தொடரியல் வழு இருந்தாலும் அக்கோப்புறையிலுள்ள படங்கள் உட்பட எல்லாமே முடங்கும். என்ஜின்எக்ஸ் சேவையகம் இக்கோப்பை வாசிப்பதில்லை. எனவே அங்கு செருகுநிரல் இதில் எழுதும் பாதுகாப்பு விதிகளால் எப்பயனும் இல்லை.

(ஆ) ‘.யூசர்.இனி’ என்னும் கோப்பு: இது பி.எச்.பி.க்கான அமைவுக் கோப்பு. வேர்ட்ஃபென்ஸ் போன்ற பாதுகாப்புச் செருகுநிரல்கள், ‘எந்தப் பக்கத்தை இயக்குவதற்கும் முன்னர் எனது காவற் கோப்பை இயக்குக’ என்னும் கட்டளையை இதில் எழுதும். அக்கட்டளையில் காவற் கோப்பின் முழுப் பாதையும் இருக்கும். வலைத்தளத்தை வேறொரு சேவையகத்துக்கு மாற்றும்போது பாதை மாறிவிடும். கட்டளையோ பழைய பாதையில் தேடும். கோப்புக் கிடைக்காமையால் எந்தப் பி.எச்.பி. பக்கமும் இயங்காது.

(இ) வேர்ட்பிரஸின் முதன்மை அமைவுக் கோப்பு: ‘டபிள்யூபி-கொன்பிக்’ எனப்படும் இக்கோப்பில் தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல் போன்றவை இருக்கும். பதுக்குச் செருகுநிரல்கள் இதில் ஒரு வரியைச் சேர்ப்பதோடு, ‘டபிள்யூபி-கொன்ரென்ற்’ கோப்புறையிலும் தனியான கோப்பொன்றை வைக்கும்.

இதனை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். படகுத்துறையில் ஒருவர் சிறு கடை போடுகிறார். ‘பயணிகள் யாவரும் இக்கடை வழியாகவே படகுக்குச் செல்லவும்’ என்று துறையின் அறிவித்தற் பலகையில் எழுதி ஒட்டுகிறார். சில நாட்களின் பின் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அறிவித்தல் மட்டும் பலகையில் இருக்கிறது. பயணிகள் அதனை வாசித்துப் பூட்டிய கடையின் முன்னால் நிற்கிறார்கள். படகோ ஆளில்லாமல் நிற்கிறது. கடை, செருகுநிரல் ஆகும். அறிவித்தற் பலகை, சேவையகத்தின் அமைவுக் கோப்பு ஆகும். கடையை அகற்றினால் மட்டும் போதாது. அறிவித்தலையும் அகற்ற வேண்டும். இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே: செருகுநிரலை அழித்தாலும் அது எழுதிவைத்தது அழியாமல் இருக்கக்கூடும்.

4. நிலைக் குறியீடுகள் கூறும் செய்தி

மேலோடியில் தோன்றும் மூவிலக்க எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். 4 இல் தொடங்குபவை வேண்டுகோளில் உள்ள குறையையும், 5 இல் தொடங்குபவை சேவையகப் பக்கத்திலுள்ள குறையையும் பொதுவாகக் குறிக்கும்.

403 – அனுமதி இல்லை. செருகுநிரலின் தடைவிதி அல்லது கோப்பு அனுமதி காரணமாகலாம்.
404 – கேட்ட பக்கம் இல்லை. முகவரி மாற்றும் விதிகள் அழிந்திருந்தால் முகப்புப் பக்கம் தோன்றி, ஏனைய பக்கங்கள் யாவும் 404 காட்டும்.
500 – சேவையகத்தின் உள்ளே வழு. காரணம் பிழைப் பதிவேட்டில் இருக்கும்.
502, 504 – முன்னால் நிற்கும் சேவையகத்துக்குப் பின்னாலுள்ள சேவையகத்திடமிருந்து சரியான பதில் வரவில்லை (502), அல்லது உரிய நேரத்தில் வரவில்லை (504).
503 – சேவை தற்காலிகமாக இல்லை. அளவுக்கு மிஞ்சிய வேண்டுகோள்கள் காரணமாகலாம்.

503 ஐயும் அமைவு வழுவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மாதத் திருவிழாக் காலத்தில், படகு நேரங்களைக் காட்டும் வலைத்தளம் ஒன்றை ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் திறக்கின்றனர் எனக் கொள்வோம். அப்போது 503 தோன்றிக் கூட்டம் குறைந்ததும் தானே மறைந்தால், குறை சேவையகத்தின் கொள்ளளவிலேயே உள்ளது. அமைவு வழு தானே மறையாது. திருத்தும்வரை எல்லோருக்கும் எந்நேரமும் தோன்றும்.

சிலவேளைகளில் நிலைக் குறியீடு தோன்றாமல், திசைதிருப்பல்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என மேலோடி கூறும். ஒரு செருகுநிரல் வேண்டுகோளைப் பாதுகாப்பான முகவரிக்கு அனுப்ப, சேவையகத்தின் விதியொன்று அதனைப் பழைய முகவரிக்குத் திருப்பினால் இந்நிலை ஏற்படும்.

5. மூன்று பரிசோதனைகள்

வழு எந்தப் படியில் உள்ளது என்பதை எவ்வாறு பிரித்தறிவது? பின்வரும் மூன்றையும் ஒழுங்காகத் திறந்து பாருங்கள்.

முதலாவது: வலைத்தளத்திலுள்ள ஒரு படத்தை அதன் நேரடி முகவரியால் திறக்குக. படமும் 500 காட்டினால் வழு பெரும்பாலும் ‘.எச்ரிஅக்செஸ்’ கோப்பில் இருக்கும்.

இரண்டாவது: படம் தோன்றினால், ஒரு சொல்லை மட்டும் காட்டும் சிறிய பி.எச்.பி. கோப்பு ஒன்றைச் சேவையகத்தில் இட்டுத் திறக்குக. இது இயங்காவிடின் வழு பி.எச்.பி. அமைவில், அதாவது ‘.யூசர்.இனி’ போன்ற கோப்பில் இருக்கும்.

மூன்றாவது: இவ்விரண்டும் சரியாக இயங்கி, வேர்ட்பிரஸ் பக்கம் மட்டும் முடங்கினால் வழு வேர்ட்பிரஸின் உள்ளே உள்ளது. செருகுநிரலின் நிரல், முதன்மை அமைவுக் கோப்பு, தரவுத்தளத் தொடர்பு என்பவற்றை அப்போது சோதிக்க வேண்டும்.

மேலோடி முன்னர் சேமித்துவைத்த படத்தைக் காட்டி உங்களை ஏமாற்றக்கூடும். ஆகையால் இதுவரை திறக்காத படமொன்றைத் தெரிவு செய்க. அல்லது மேலோடியின் தனிப்பட்ட சாளரத்தில் திறக்குக. சோதனை முடிந்ததும் நீங்கள் இட்ட சிறிய கோப்பை அழித்துவிடுக.

6. ஒரு சந்தர்ப்பம்

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக.

ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலை வேர்ட்பிரஸ் வலைத்தளம் ஒன்றை நடத்துகின்றது. உயர்தர வகுப்புக்கான அனுமதி விண்ணப்பத் திகதிகள் அதில் வெளியிடப்பட்டுள்ளன. ஞாயிற்றுக்கிழமை மாலை பொறுப்பாசிரியர் புதிய பாதுகாப்புச் செருகுநிரல் ஒன்றைச் செயற்படுத்துகிறார். உடனே வலைத்தளம் முழுவதும் 500 காட்டுகின்றது. முகாமைப் பக்கத்துக்கும் செல்ல முடியவில்லை. ஆசிரியர் கோப்பு முகாமையைத் திறந்து செருகுநிரலின் கோப்புறையை அழித்துவிடுகிறார். ஆயினும் 500 மறையவில்லை. வலைத்தளம் தாக்கப்பட்டுவிட்டது, தரவுகள் யாவும் போய்விட்டன என்று அனைவரும் அஞ்சுகின்றனர்.

இனி ஆராய்வோம். படத்தைத் திறந்தால் அதுவும் 500 காட்டுகின்றது. ஆகவே முதலாவது பரிசோதனைப்படி ஐயம் ‘.எச்ரிஅக்செஸ்’ கோப்பின் மீது விழுகின்றது. அடுத்துப் பிழைப் பதிவேட்டைப் பார்க்கிறோம். அதன் கடைசி வரியில், ‘ஓடர்’ என்பது செல்லாத கட்டளை, எழுத்துப் பிழையாக இருக்கலாம் அல்லது சேவையகத்தில் சேர்க்கப்படாத கூறொன்றுக்கு உரியதாக இருக்கலாம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது.

இதன் காரணம் என்ன? அப்பாச்சியின் பழைய பதிப்புகளில் அனுமதி வழங்கவும் மறுக்கவும் ‘ஓடர்’, ‘அலவ்’, ‘டினை’ என்னும் கட்டளைகள் பயன்பட்டன. 2012 இல் வெளியான 2.4 ஆம் பதிப்பில் இவற்றுக்குப் பதிலாக ‘ரெக்குவயர்’ என்னும் கட்டளை வந்தது. பழைய கட்டளைகள் இயங்க வேண்டுமாயின் அதற்கெனத் தனியான கூறு ஒன்று சேவையகத்தில் இருக்க வேண்டும். இச்சேவையகத்தில் அது இல்லை. செருகுநிரலோ பழைய முறைப்படி விதிகளை எழுதிவிட்டது. செருகுநிரலின் கோப்புறை அழிந்தபோதும் அவ்வரிகள் அப்படியே இருந்தன.

தீர்வு: கோப்பு முகாமையில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை முதலில் இயக்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியா. பின்னர் ‘.எச்ரிஅக்செஸ்’ கோப்பின் பெயரை மாற்ற வேண்டும்; அழிக்கக் கூடாது. இப்போது முகப்புப் பக்கம் தோன்றும். ஏனைய பக்கங்கள் 404 காட்டலாம். ஏனெனில் வேர்ட்பிரஸ் தனக்கென எழுதியிருந்த முகவரி விதிகளும் அதே கோப்பில் இருந்தன. முகாமைப் பக்கத்தில் நிலையான இணைப்புகளுக்கான அமைவைத் திறந்து மீண்டும் சேமித்தால், வேர்ட்பிரஸ் அவ்விதிகளைப் புதிய கோப்பில் எழுதிவிடும். கட்டுரைகள், அறிவித்தல்கள் எல்லாம் தரவுத்தளத்தில் இருந்தன. அவற்றுக்கு எத்தீங்கும் நேரவில்லை.

பெயர் மாற்றிவைத்த கோப்பைத் திறந்து பார்த்தால் இன்னொன்றையும் காணலாம். வேர்ட்பிரஸும் பல செருகுநிரல்களும் தாம் எழுதும் வரிகளுக்கு மேலே ‘தொடக்கம்’ என்றும் கீழே ‘முடிவு’ என்றும் பொருள்படும் குறிப்புகளைத் தமது பெயருடன் இடும். எந்த வரியை யார் எழுதினார் என்பதை அதிலிருந்து அறியலாம்.

7. வழுவறியும் படிமுறை

படி 1: நேரம், முகவரி, நிலைக் குறியீடு மூன்றையும் குறித்துக்கொள்க. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நன்று.

படி 2: வேறொரு கருவியிலும் வேறொரு வலையமைப்பிலும் திறந்து பார்க்குக. உங்கள் கைத்தொலைபேசியில் மட்டும் முடங்கினால் குறை சேவையகத்தில் இல்லை.

படி 3: ‘கடைசியாக மாற்றப்பட்டது எது?’ என வினவுக. புதிய செருகுநிரலா, இற்றைப்படுத்தலா, பி.எச்.பி. பதிப்பு மாற்றமா, சேவையக மாற்றமா? நேற்று வரை இயங்கிய தளம் இன்று முடங்கினால் கடைசி மாற்றமே முதலாவது ஐயம்.

படி 4: பிழைப் பதிவேட்டின் கடைசி வரிகளை வாசிக்குக. பதிவேட்டு நேரம் சர்வதேச நேரத்தில் இருக்கலாம். இலங்கை நேரம் அதிலிருந்து 5 மணி 30 நிமிடம் முன்னாலுள்ளது. பதிவேட்டில் 03.40 என இருந்தால் இங்கு காலை 9.10 ஆகும்.

படி 5: மாற்றுவதற்கு முன் கோப்பின் பிரதியை எடுத்துவைக்குக.

படி 6: ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுக, பின்னர் சோதிக்குக. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் குணமானது என்பது தெரியாது. ‘.யூசர்.இனி’ கோப்பின் உள்ளடக்கத்தைப் பி.எச்.பி. வழக்கமாக 300 செக்கன்களுக்குச் சேமித்துவைத்திருக்கும். ஆகவே அதனைத் திருத்திய பின் 5 நிமிடங்கள் பொறுத்துச் சோதிக்க வேண்டும்.

படி 7: எந்தச் செருகுநிரல் எனத் தெரியாவிடின் ‘பிளகின்ஸ்’ கோப்புறையின் பெயரை மாற்றுக. எல்லாச் செருகுநிரல்களும் ஒருங்கே நின்றுவிடும். தளம் மீண்டால் குற்றவாளி அவற்றுள் ஒன்றே. கோப்புறைக்குப் பழைய பெயரை இட்டு, பாதிப் பாதியாகச் செயற்படுத்திப் பார்க்குக. 16 செருகுநிரல்கள் இருந்தால் 8, 4, 2, 1 எனக் குறைத்து 4 சோதனைகளில் கண்டுபிடிக்கலாம். 2 இன் 4 ஆம் வலு 16 என்பதை நினைவு கூர்க.

மீடியாவிக்கியிலும் இதே முறையே. ஒவ்வொரு நீட்சியும் முதன்மை அமைவுக் கோப்பில் ஒரு வரியால் அழைக்கப்படும். அவ்வரியின் முன் கருத்துரைக் குறியீட்டை இட்டால் அந்நீட்சி நின்றுவிடும்.

2019 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் 5.2 ஆம் பதிப்பிலிருந்து மீட்பு நிலை என்னும் வசதி உண்டு. செருகுநிரலின் நிரலில் பாரிய வழு ஏற்பட்டால் முகாமையாளருக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். ஆனால் மேலே கூறிய சந்தர்ப்பத்தில் அம்மின்னஞ்சல் வராது. அங்கு வேர்ட்பிரஸ் இயங்கத் தொடங்குவதற்கு முன்னரே சேவையகம் தடைப்பட்டுவிட்டது. மின்னஞ்சல் வராமையும் ஒரு தடயமே.

8. பாடத்தோடு தொடர்புபடும் இரு கணக்குகள்

கோப்பு அனுமதி: லினக்ஸ் சேவையகத்தில் கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்னும் அனுமதிகள் வழக்கமானவை. இவை எண்மம் ஆகும். 644 ஐ இருமத்துக்கு மாற்றினால் 110 100 100 வரும். ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள மூன்று பிட்டுகள் முறையே வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்பவற்றைக் குறிக்கும். முதற் தொகுதி உரிமையாளருக்கும், இரண்டாவது குழுவுக்கும், மூன்றாவது ஏனையோருக்கும் உரியது. ஆகவே உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் முடியும். ஏனையோர் வாசிக்க மட்டும் முடியும். வழுவைத் தீர்ப்பதற்காக 777 என மாற்றுமாறு சிலர் கூறுவர். அது எல்லோருக்கும் எழுதும் அனுமதியை வழங்குவதாகும், செய்யக் கூடாது.

நினைவகம்: 134217728 பைற்று நினைவகம் தீர்ந்துவிட்டது எனப் பதிவேடு கூறினால், இதனை 1024 ஆல் இரு தடவை வகுக்குக. 128 மெகாபைற்று எனக் கிடைக்கும். பி.எச்.பி. செய்நிரலுக்கு ஒதுக்கப்பட்ட எல்லை இது. செருகுநிரல் ஒன்று அவ்வெல்லையைத் தாண்டியுள்ளது என்பது பொருள்.

9. உலகில் நடந்தவை

இத்தகைய வழுக்கள் சிறிய வலைத்தளங்களுக்கு மட்டும் உரியன அல்ல.

2024 யூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட இற்றைப்படுத்தற் கோப்பு ஒன்றில் வழு இருந்தது. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்ததாக மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. பல கணினிகளைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, அந்தக் குறிப்பிட்ட கோப்பை மட்டும் கையால் அழித்தே மீட்க நேர்ந்தது.

2025 நவம்பர் 18 ஆம் திகதி, பல வலைத்தளங்களுக்கு முன்னால் நின்று சேவை வழங்கும் கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் வலையமைப்பு, இலங்கை நேரப்படி மாலை 4.50 மணியளவில் தடைப்படத் தொடங்கியது. தரவுத்தள அனுமதியில் செய்த மாற்றம் ஒன்றினால், தானியங்கி வருகைகளை இனங்காணும் கூறு பயன்படுத்தும் கோப்பு இரு மடங்காகப் பெருத்து, மென்பொருளின் எல்லையைத் தாண்டிவிட்டது. 5 இல் தொடங்கும் வழுக்கள் உலகெங்கும் தோன்றின. நிறுவனத்தார் முதலில் இதனைப் பெரியதொரு தாக்குதல் என ஐயுற்றனர். பின்னர் காரணத்தை அறிந்து, கோப்பின் பரவலை நிறுத்திப் பழைய நல்ல கோப்பை மீண்டும் இட்டனர். பெரும்பகுதிச் சேவைகள் இரவு 8.00 மணியளவில் மீண்டன. ஊர்காவற்றுறைச் சந்தர்ப்பத்திலும் தாக்குதல் என்றே முதலில் அஞ்சினர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லா முடக்கமும் அமைவு வழுவே எனவும் முடிவு செய்யக் கூடாது. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி ‘எல்.கே.’ ஆள்களப் பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் தாக்குதலொன்றில் மாற்றப்பட்டு, வருகையாளர் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டனர். அங்கு பாதிக்கப்பட்டது மேலே கூறிய (அ) என்னும் முதலாவது படி. அந்நிலையில் அமைவுக் கோப்பைத் தேடுவதால் பயனில்லை.

10. வருமுன் காத்தல்

• தேவையற்ற செருகுநிரல்களை வைத்திருக்க வேண்டாம். அகற்றும்போது கோப்புறையை நேரே அழிக்காமல், முகாமைப் பக்கத்தினூடாக முதலில் நிறுத்திப் பின்னர் நீக்குக. நன்கு எழுதப்பட்ட செருகுநிரல், தான் எழுதியவற்றை அப்போது அழித்துவிடும்.
• கோப்புகளுக்கும் தரவுத்தளத்துக்கும் காப்புப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைக்குக. 2023 ஓகஸ்ற் மாதம் இலங்கை அரச மேகக் கணிமை மீது நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.
• மாற்றங்களைப் பாடசாலை விடுமுறைக்கு முதல் நாளிலோ விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாளிலோ செய்ய வேண்டாம்.
• ஒவ்வொரு மாற்றத்தையும் திகதி, நேரம், செய்தவர் என்பவற்றுடன் ஒரு கொப்பியில் எழுதுக. படி 3 இன் வினாவுக்கு அக்கொப்பியே விடையளிக்கும்.

திருத்துபவருடன் தொலைபேசியில் பேசும்போது, ‘சேர், தளம் வேலை செய்யவில்லை’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘காலை 9.10 இலிருந்து 500 வருகிறது சேர், படங்களும் வரவில்லை, நேற்று மாலை ஒரு செருகுநிரல் போட்டோம்’ என்று கூறுங்கள். இவ்வளவும் தெரிந்தால் அவர் எந்தக் கோப்பைத் திறப்பது என்பதை அக்கணமே அறிந்துகொள்வார்.

மாதிரி வினாக்கள்

1. படம் தோன்றுகிறது, சிறிய பி.எச்.பி. கோப்பு 500 காட்டுகிறது. வழு எங்கே இருக்கலாம்?
விடை: பி.எச்.பி. அமைவுக் கோப்பில் (‘.யூசர்.இனி’).

2. செருகுநிரலின் கோப்புறையை அழித்த பின்னரும் வழு நீடிப்பதற்கு ஒரு காரணம் தருக.
விடை: செருகுநிரல் தனது கோப்புறைக்கு வெளியேயுள்ள அமைவுக் கோப்புகளில் எழுதிய வரிகள் அழியாமல் இருத்தல்.

3. 755 என்னும் எண்ம எண்ணை இருமத்துக்கு மாற்றுக. ஏனையோருக்கு எழுதும் அனுமதி உண்டா?
விடை: 111 101 101. ஏனையோருக்குரிய 101 இல் நடுப் பிட்டு 0. ஆகவே எழுதும் அனுமதி இல்லை.

4. முகப்புப் பக்கம் தோன்றுகிறது. ஏனைய பக்கங்கள் யாவும் 404 காட்டுகின்றன. செய்ய வேண்டியது யாது?
விடை: நிலையான இணைப்புகளுக்கான அமைவைத் திறந்து மீண்டும் சேமித்து, முகவரி விதிகளைப் புதிதாக எழுதச் செய்தல்.

5. 32 செருகுநிரல்களுள் வழுவான ஒன்றைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடினால் எத்தனை சோதனைகள் தேவை?
விடை: 5.

விடைகளைப் பார்க்காமல் இவ்வினாக்களை மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள். பின்னர் 5 ஆம் பிரிவிலுள்ள மூன்று பரிசோதனைகளையும் உங்கள் சொந்த வசனத்தில் எழுதிப் பழகுங்கள். பரீட்சையில் வெற்றி பெற வாழ்த்துகள்!